இலை சிவக்கும் மரம் ரெங்கத்திலும் உண்டு

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டு உறவினர்கள், "ஸ்ரீரங்கமா?" என்று கேட்பார்கள். "இல்லை, இது ஜொகூர் ரெங்கம். குளுவாங்குக்குப் பக்கம்" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவேன். அங்கே காவிரியும் கோபுரமும். இங்கே ஒரு ரயில் நிலையம், சில வரிசைக் கடைகள், அவற்றைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனை. நான் சிறுமியாக இருந்தபோது அந்த இடத்தில் பெரும்பகுதி ரப்பர்க் காடு. அப்பாவும் அம்மாவும் அதில் பால் மரம் சீவினார்கள்.

நான் இப்போது ஜொகூர் பாருவில் கணக்காளர். மாதத்தில் இரண்டு வாரக் கடைசிகள் மகனை அழைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போவேன். மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். சென்ற பிப்ரவரியில் அப்படிப் போனபோது பையில் வீட்டுப்பாடம் இருந்தது. தலைப்பு, "எனக்குப் பிடித்த மரம்". அவன் எழுதியிருந்தது மேப்பிள் மரத்தைப் பற்றி.

காரணம் எனக்குத் தெரியும். டொரோண்டோவில் இருக்கும் என் பெரியம்மா மகள், தீபாவளி வாழ்த்து அட்டைக்குள் ஒரு சிவந்த மேப்பிள் இலையை வைத்து அனுப்பியிருந்தாள். உள்ளங்கை அளவு, ஐந்து முனைகள். கனடாக் கொடியில் இருக்கும் அதே இலை என்று அவனுக்குப் பெருமை. அதைப் புத்தகத்துக்குள் வைத்துப் பாதுகாக்கிறான்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டுரையைப் படித்தார். இலையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பால் வருமாடா?"

"பால் இல்ல தாத்தா, தண்ணி. இனிக்கும். காய்ச்சினா சிரப். ரொட்டியில ஊத்திச் சாப்பிடலாம்."

"அப்ப இதையும் சீவுறாங்களா?"

"இல்ல, டிரில் வச்சு ஓட்டை போடுவாங்க."

அப்பா சிரித்துவிட்டார். "ஓட்டையா? நம்ம மரத்துல ஓட்டை போட்டா அன்னிக்கே மண்டோர் வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

இந்த ஒரு வரி எனக்கு வீட்டுப்பாடத்தைவிடப் பெரிய பாடமாக அமைந்தது. ஒரு மரத்தில் துளை போடலாம், இன்னொரு மரத்தில் போடக்கூடாது. ஏன்? ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய அப்பாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

மேப்பிளின் சொந்தக்காரர்கள்

அன்று இரவு தேடிப் படித்தேன். மேப்பிளில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை வடக்கே, குளிர் நாடுகளில் வளர்பவை. எனக்கு ஆச்சரியம் தந்த செய்தி, அது பூந்திக்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது. அதே குடும்பத்தில்தான் நம் வீட்டு வாசலில் காய்க்கும் ரம்புத்தானும், லிச்சியும், ரசம் வைக்கிற முடக்கத்தான் கீரையும் இருக்கின்றன. மலேசிய மலைக்காடுகளில் ஒரு மேப்பிள் இனமே இயற்கையாக வளர்கிறது. அதன் இலைக்கு ஐந்து முனைகள் இல்லை. முழு இலை, அடிப்பக்கம் வெளுத்திருக்கும். எதிரில் நின்றாலும் மேப்பிள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

சிரப் தருவது சர்க்கரை மேப்பிள். கோடையில் இலைகள் சமைத்த உணவை மரம் மாவுச்சத்தாகக் கட்டையில் சேமிக்கிறது. பனிக்காலம் முடியும் தறுவாயில் அது சர்க்கரையாக மாறி நீரில் கரைகிறது. இரவில் நீர் உறையும் குளிர், பகலில் உருகும் வெயில். இந்த ஏற்ற இறக்கம் கட்டைக்குள் அழுத்தத்தை உண்டாக்கி, துளை வழியாகச் சாற்றை வெளியே தள்ளுகிறது. பருவம் சில வாரங்கள்தான். சாற்றில் சர்க்கரை சுமார் 2 விழுக்காடு. ஏறக்குறைய 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிற வேலைதான் இதுவும். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்குள்ள பூர்வகுடி மக்கள் இதைச் செய்தார்கள்.

சாறு ஓடுவது கட்டைக்குள். அதனால் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளை போட வேண்டியிருக்கிறது. துளையைச் சுற்றியுள்ள கட்டையை மரம் அடைத்துவிடும். அங்கே மறுபடி சாறு ஓடாது. அடுத்த ஆண்டு துளையைத் தள்ளிப் போட வேண்டும். பொதுவாக மரத்துக்கு நாற்பது வயதை ஒட்டிய பிறகுதான் முதல் துளை. அளவோடு எடுத்தால் அதே மரம் தலைமுறை தலைமுறையாகச் சாறு தரும்.

ரப்பர் மரத்தின் கதை வேறு. பால் ஓடுவது பட்டைக்குள்.

நம் மரம் வந்த வழி

இதுவும் இந்த மண்ணின் மரமல்ல. அமேசான் காட்டு மரம். ஆமணக்கு, மரவள்ளி, கள்ளி எல்லாம் இதன் உறவுகள். கள்ளியைக் கிள்ளினால் பால் வருவது நமக்குத் தெரியும். அது செடியின் தற்காப்பு. கடிக்க வரும் பூச்சியின் வாயில் ஒட்டிக்கொள்ளும், காயத்தை மூடிவிடும். ஒரு வகையில் பார்த்தால் மேப்பிள் தன் சாப்பாட்டைத் தருகிறது, ரப்பர் தன் காவலைத் தருகிறது.

1839-இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் விறைக்காது என்று கண்டுபிடித்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். உலகம் ரப்பருக்கு அலைந்தது. இதற்கிடையில் 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்திருந்தார். ரப்பர் விதைக்கு ஆயுள் சில வாரம்தான். முளைத்தவை நூற்றுக்கு நான்கைக்கூட எட்டவில்லை. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயின. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று அங்கே இன்றும் நிற்கிறது.

நட்டால் போதுமா? பால் எடுக்கத் தெரிய வேண்டுமே. அமேசானில் சிறு கோடரியால் கொத்தி எடுத்தார்கள். மரம் புண்ணாகிப் போகும். சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு 1888-இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, பட்டையை மெல்லிய சீவலாகச் சீவினால், அதே வெட்டை அடுத்த முறை இன்னும் கொஞ்சம் சீவிப் பாலெடுக்கலாம், சீவிய இடத்தில் புதுப்பட்டையும் வளரும் என்று காட்டினார். சட்டைப் பையில் விதைகளை வைத்துக்கொண்டு பார்ப்பவர்களிடமெல்லாம் நடச் சொன்னாராம். "பைத்தியக்கார ரிட்லி" என்று பெயர் வைத்தார்கள். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக நோக்கில் முதல் தோட்டத்தை நட்டார். பிறகு நடந்தது நம் குடும்பங்களின் வரலாறு.

ஜொகூரைக் கடக்கும் ரயில் பாதை 1909-இல் முடிந்தது. காடு அழிந்தது, ரப்பர் எழுந்தது. என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் இறங்கி, ஒரு கங்காணியின் பின்னால் ரெங்கம் வந்து சேர்ந்தார். 1938-இல் இந்திய அரசு, "திறன் இல்லாத் தொழிலாளர்களை" உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் கண்ணில் என் தாத்தா திறன் இல்லாதவர்.

விடியற்காலை ஐந்து மணி

அப்பா இருந்த தோட்டம் பல ஆண்டுகளுக்கு முன்பே செம்பனைக்கு மாறிவிட்டது. நாங்கள் லயத்தைக் காலி செய்து தாமானுக்கு வந்தோம். அப்பா மட்டும் மரத்தை விடவில்லை. நண்பர் ஒருவருக்கு ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் ரப்பர் துண்டு இருக்கிறது. அதில் சீவி, கிடைப்பதில் பாதி அவருக்கு, பாதி தனக்கு என்று இத்தனை நாள் ஓட்டினார். மரங்களுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. பட்டை முடிந்துவிட்டது. அடுத்த மாதம் மொத்தமாக வெட்டி மரத்தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு, நண்பர் செம்பனை நடப்போகிறார்.

"நாளைக்குக் கடைசிச் சீவல். வர்றியாடா?" என்று பேரனைக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் வாம்மா."

நான் ஒரு நாளும் போனதில்லை. போகக் கூடாது என்று அம்மா வைத்திருந்தாள். "எம்புள்ள இந்தக் காட்டுக்கு வரக் கூடாது, படிக்கணும்" என்பது அவள் வைராக்கியம். எனக்கும் போக ஆசையில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு வெட்கம். புளித்த பால் வாடை அப்பா சட்டையில் எப்போதும் இருக்கும். பள்ளியில் அறிக்கை வாங்க அப்பா வரும் நாளில் பக்கத்தில் உட்காராமல் சற்றுத் தள்ளி நிற்பேன். அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு நாளும் கேட்டதில்லை.

ஐந்து மணிக்கு இருட்டில் போய்ச் சேர்ந்தோம். அப்பா தலையில் விளக்கு, இடுப்பில் புகையும் கொசுவத்தி, கையில் சீவும் கத்தி. காலடியில் சருகு சலசலத்தது.

"ஏன் தாத்தா இவ்ளோ சீக்கிரம்?"

"வெயில் வந்தா பால் குறைஞ்சிடும்டா."

இதற்கும் அறிவியல் உண்டு. இரவில் இலைகள் நீரை வெளிவிடுவது குறைவு. மரத்துக்குள் நீர் நிறைந்து பட்டையில் உள்ள பால் குழாய்கள் புடைத்திருக்கும். வெயில் ஏறினால் இலை நீரை உறிஞ்சிக்கொள்ளும், குழாயில் அழுத்தம் இறங்கும். மழை வந்தாலும் வேலை போச்சு. சீவிய கோட்டில் தண்ணீர் ஓடிப் பாலைக் கழுவிவிடும்.

முதல் மரத்தில் அப்பா நேற்றைக்கு முந்தின நாள் வெட்டின் மேல் காய்ந்திருந்த நாடாவை உரித்தார். அது ஒட்டுப்பால். மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், உறைந்து கிடந்தது கட்டிப்பால். இரண்டையும் பையில் போட்டார். அவையும் எடைக்குப் போகும். பிறகு கத்தியை வைத்து, பின்னால் நகர்ந்தபடியே ஒரே இழுப்பு. சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. கோட்டின் நெடுக வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, ஒன்று சேர்ந்து, ஓடித் தகரப் பீலி வழியாக மங்கில் சொட்டின. ஒரு மரத்துக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு மில்லிமீட்டர் திறமை

நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டேன். அப்பா சீவிக்கொண்டே பதில் சொன்னார்.

கோடு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்கிறது? "அப்படி வெட்டினாத்தான் பால் நல்லா வரும்." புத்தகத்தில் பார்த்தேன். பால் குழாய்கள் பட்டைக்குள் நேராக ஏறுவதில்லை. சராசரியாக மூன்று நான்கு டிகிரி வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அதிகக் குழாய்களை அறுக்கும். சாய்வு சுமார் 30 டிகிரி. அப்பா கையில் கோணமானி இல்லை.

எவ்வளவு ஆழம்? "வெள்ளை தெரியக் கூடாது. தெரிஞ்சா காயம்." பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது. அதுதான் புதுப்பட்டையை உண்டாக்குவது. பால் குழாய்கள் அதிகம் இருப்பதோ அந்தப் படலத்தை ஒட்டிய உள்பட்டையில். அதனால் படலத்துக்கு மிக அருகில் போகவேண்டும், தொடக்கூடாது. விட்டுவைக்க வேண்டிய கனம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். தொட்டால் அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பிறகு அதில் கோடு இழுக்க முடியாது. துளை போட்டால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று அப்பா சொன்னது இதனால்தான்.

எவ்வளவு கனமாகச் சீவுவது? ஒரு முறைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. கனமாகச் சீவினால் பட்டை சீக்கிரம் தீரும். மெல்லிசாகச் சீவினால் குழாயின் அடைப்பு முழுதாகத் திறக்காது. வெட்டு விழுந்த சில மணி நேரத்தில் பாலே உறைந்து குழாயின் வாயை அடைத்துவிடும். அந்த அடைப்பைத்தான் அடுத்த சீவல் திறக்கிறது. "ஒரு நாள் சீவினா ஒரு நாள் விடணும். மாடு மாதிரிதான். தினமும் கறந்தா என்ன ஆகும்?"

மரம் நட்டு ஐந்து முதல் ஏழு ஆண்டில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர் ஆனதும் முதல் வெட்டு. மரத்தின் பாதிச் சுற்றளவில் ஒரு பக்கம் சீவிச் சீவிக் கீழே இறங்குவார்கள். பிறகு மறுபக்கம். அதற்குள் முதல் பக்கம் புதுப்பட்டை தேறியிருக்கும். காயம் படாமல் சீவியிருந்தால்தான் அந்த இரண்டாம் அறுவடை. ஒருவர் இன்று எப்படிச் சீவினார் என்பது பத்து ஆண்டு கழித்துத் தெரியும்.

தோட்டத்தில் அப்பாவுக்கு ஐந்நூறு மரம். இருட்டில், கொசுக்கடியில், ஒவ்வொரு மரத்திலும் அந்த 1 மில்லிமீட்டர் கணக்கு. பால் நின்றதும் மங்கு மங்காகச் சேர்த்து, காண்டா வாளியில் தூக்கி ஸ்டோருக்கு நடக்க வேண்டும். அங்கே பார்மிக் அமிலம் ஊற்றி உறையவைத்து, தகடாக உருட்டி, புகைபோட்டுக் காயவைப்பார்கள். இவரைத்தான் சட்டம் "திறன் இல்லாதவர்" என்றது. நானும் வேறு வார்த்தையில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பாலும் பலகையும்

பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அந்த ஒரு பங்கில்தான் உலகம் உருள்கிறது. இயற்கை ரப்பரில் பெரும்பகுதி டயருக்குப் போகிறது. பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் வந்துவிட்டது உண்மை. ஆனாலும் விமானச் சக்கரம் ஓடுபாதையைத் தொடும்போது உண்டாகும் வெப்பத்தையும் அடியையும் தாங்க இன்றும் இயற்கை ரப்பர்தான் வேண்டியிருக்கிறது. கையுறை, பலூன், மெத்தை, குழந்தையின் பால்புட்டிச் சூப்பி என்று பட்டியல் நீளும்.

பல பத்தாண்டுகள் உலகிலேயே அதிக ரப்பர் விளைவித்த நாடு நம்முடையது. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற இனம் தாய்லாந்தில் பரவலாக நடப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் முதலிடமும் தாய்லாந்துக்கே போனது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும், பணம் அதிகம். யாரைக் குறை சொல்வது?

பால் வற்றிய மரமும் வீணாவதில்லை. முன்பு விறகுக்குத்தான் போகும். 1980களிலிருந்து அது மேசை நாற்காலிக்குப் பலகை. கட்டையில் மாவுச்சத்து அதிகம் என்பதால் வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சையும் வண்டும் வந்துவிடும். உடனே போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்த வேண்டும். நம் ஜொகூரின் மூவார் இந்தத் தளவாடத் தொழிலுக்குப் பேர்போனது. மேப்பிளும் இதில் சளைத்ததல்ல. கூடைப்பந்து ஆடுகளத் தரை மேப்பிள் பலகை. கச்சேரியில் வாசிக்கிற வயலினின் முதுகும் பக்கங்களும் பெரும்பாலும் மேப்பிள்தான்.

சிவந்த இலை

ஏழு மணிக்கு வெளிச்சம் வந்தது. மகன் தரையைப் பார்த்துக் கத்தினான். "அம்மா, மேப்பிள்!"

காலடியில் கிடந்த சருகெல்லாம் செம்பும் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தன. மேலே பாதிக் கிளைகள் மொட்டை. மீதியில் இலைகள் சிவந்து தொங்கின. ரப்பர் மரம் ஆண்டுக்கு ஒரு முறை இலையுதிர்க்கும். நம் நாட்டில் பெரும்பாலும் ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில். கனடாவில் பகல் குறைவதும் குளிரும் செய்கிற வேலையை இங்கே வறட்சி செய்கிறது. பச்சையம் சிதைகிறது, மற்ற நிறங்கள் வெளிப்படுகின்றன, காம்பின் அடியில் அடைப்பு விழுந்து இலை உதிர்கிறது. சில வாரங்களில் துளிர் வந்துவிடும். துளிர் விடும் நேரத்தில் பால் குறையும், சீவுவதை நிறுத்துவார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் லயத்தில் வளர்ந்தேன். ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சிவப்பைப் பார்த்திருக்கிறேன். ரப்பர்க் காய் வெயிலில் பட்டென்று வெடிக்கும் சத்தம் கேட்டு ஓடி, விதையைச் சிமெண்டில் தேய்த்துத் தோழியின் கையில் சுட்டிருக்கிறேன். ஆனால் அது அழகு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. கனடாவிலிருந்து ஓர் இலை வர வேண்டியிருந்தது.

மகன் ஓர் இலையை எடுத்தான். ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். "தாத்தா, நான் ஒரு மரம் சீவட்டுமா?"

அப்பா யோசித்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக் கத்தியை வைத்தார். பாதிக் கோடு வரை சரியாக வந்தது. பிறகு அவன் கையை உதறிக்கொண்டு தானே இழுத்தான். கத்தி உள்ளே இறங்கியது. வெள்ளைக் கட்டை தெரிந்தது. காயம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு சிறு டின்னை எடுத்து, களிம்பை விரலில் தொட்டு அந்த இடத்தில் தடவினார். மெதுவாக, ஓரம் விடாமல்.

"அடுத்த மாசம் வெட்டப்போற மரம்தானே தாத்தா?"

"அதுக்கு?" என்றார் அப்பா. டின்னை மூடிப் பையில் வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடந்தார்.

நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஓடிப்போய் அவரோடு சேர்ந்துகொண்டேன். பால் எடுத்து முடித்து, தெர்மாஸில் கொண்டுபோன கோப்பியை மூவரும் மரத்தடியில் உட்கார்ந்து குடித்தோம். புளித்த பால் வாடை அடித்தது. நான் தள்ளி உட்காரவில்லை.

டொரோண்டோ அக்காவிடம் அன்று இரவு பேசியபோது ஒன்று சொன்னாள். அங்கே பனி உருகும் நாட்களில் பள்ளிகளும் குடும்பங்களும் பிள்ளைகளை மேப்பிள் தோப்புக்கு அழைத்துப் போவார்களாம். சாறு சொட்டுவதைக் காட்டி, பாகு காய்ச்சுவதைக் காட்டி, பனிமேல் ஊற்றிக் கொடுப்பார்களாம். நம்மிடம் அதற்கு இணையான மரம் இருக்கிறது. அதைத் தெரிந்த கைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. எழுபதைத் தாண்டிய கைகள். கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் கோலகங்சாரின் அந்தப் பழைய மரத்தையோ, பக்கத்தில் மிச்சமிருக்கும் ஒரு சிறு தோட்டத்தையோ உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முடிந்தால் தாத்தா பாட்டியையும் கூட்டிப் போங்கள். விளக்கம் சொல்லும் வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

மகன் கட்டுரையை மாற்றி எழுதவில்லை. மேப்பிள்தான் அவனுக்குப் பிடித்த மரம். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான். "என் தாத்தாவிடம் ஐந்நூறு மரங்கள் இருந்தன. ஒன்றையும் அவர் காயப்படுத்தியதில்லை." புத்தகத்துக்குள் இப்போது இரண்டு இலைகள் இருக்கின்றன.